1, 7, 19, 37… பொது உறுப்பு காணும்போது இரண்டாம் வித்தியாசத்தை ஏன் பாதியாக்குகிறோம்?

திண்ணை டியூஷன்

எல்லாருக்கும் வணக்கம். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். படித்தது பி.காம். கணக்குப் போடுவதில் எனக்குப் பயம் கிடையாது. ஆனால் "ஏன் மிஸ்?" என்று ஒரு கேள்வி வந்தால் சில இடங்களில் திணறிப் போகிறேன். கைடில் அப்படித்தான் போட்டிருக்கிறது, எழுதிக்கோ என்று சொல்ல மனசு வரவில்லை.

இப்போது பத்தாம் வகுப்பில் இரண்டாவது பாடம் ஓடுகிறது, எண்களும் தொடர்வரிசைகளும். கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை என்று பெயர் சொல்லிக் கேட்டால் பிள்ளைகள் டக்கென்று போட்டுவிடுகிறார்கள். பொது வித்தியாசமோ பொது விகிதமோ கண்டுபிடி, சூத்திரத்தில் போடு, முடிந்தது. பெயர் சொல்லாமல் வெறும் எண்களை வரிசையாகக் கொடுத்து "விதி என்ன" என்று கேட்டால்தான் தகராறு.

தீக்குச்சியால் ஒட்டி ஒட்டிச் சதுரம் வைத்தால் 4, 7, 10, 13 என்று குச்சிகள் வரும். விதி எழுது என்றால் பாதிப்பேர் "இடம் + 3" என்று எழுதி நீட்டுகிறார்கள். தப்பு என்றால் "மூணு மூணா தானே மிஸ் கூடுது" என்று என்னையே மடக்குகிறார்கள். இது ஒன்று.

அடுத்தது 1, 7, 19, 37, 61. ஒரு பயிற்சித் தாளில் வந்தது. வித்தியாசம் 6, 12, 18, 24. அதற்கு வித்தியாசம் 6, 6, 6. "இரண்டாம் வித்தியாசம் மாறாமல் வந்தால் அதில் பாதியை எடுத்து இடத்தின் வர்க்கத்தோடு பெருக்கு" என்று விடைக்குறிப்பில் இருந்தது. செய்து பார்த்தேன், சரியாக வருகிறது. ஏன் பாதி? அந்தப் பாதி எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒரு ஒன்பதாம் வகுப்பு வாண்டு. 1, 2, 4, அடுத்து என்ன என்றேன். எல்லாரும் 8 என்றார்கள். அவன் மட்டும் 7 என்றான். "ஒண்ணு கூட்டினேன், ரெண்டு கூட்டினேன், அடுத்து மூணு" என்கிறான். அவன் நோட்டில் டிக்கும் போடவில்லை, பெருக்கல் குறியும் போடவில்லை. என்ன போடட்டும்?

(புத்தகத்தில் இடத்துக்கு ஆங்கில எழுத்து போட்டிருக்கும். நான் ஃபோனில் தட்டுவதால் இட எண்ணுக்கு "இ" என்றே வைத்துக்கொள்கிறேன். முதல் உறுப்புக்கு இ = 1.)


குரூப் நாலு குமுறல்

அக்கா, ஏன் எதுக்கு என்று போனால் விடியாது. குரூப் 4-ல் 200 கேள்வி, மூன்று மணி நேரம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட முழுசாகக் கிடையாது. அதில் 25 கேள்வி கணக்கும் திறனறிவும். எண் தொடர் வந்தால் நான் இந்த வரிசையில்தான் போவேன்.

முதலில் பக்கத்து பக்கத்து எண்களைக் கழித்துப் பார். ஒரே எண் வந்தால் கூட்டுத் தொடர்வரிசை. வராவிட்டால் வகுத்துப் பார். 5, -25, 125 மாதிரி குறி மாறி மாறி வந்தால் விகிதம் மைனஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதுவும் இல்லையா, பக்கத்தில் வர்க்க எண்ணோ கன எண்ணோ உட்கார்ந்திருக்கிறதா என்று பார். 0, 7, 26, 63, 124 என்றால் கன எண்ணில் ஒன்று குறைவு. 2, 6, 12, 20, 30 என்றால் 1×2, 2×3, 3×4. பின்னமாக இருந்தால் தொகுதியைத் தனியாக, பகுதியைத் தனியாகப் பார்.

எண்கள் ஏறி இறங்கினால் இரண்டு தொடரைப் பின்னி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 5, 40, 10, 35, 15, 30. ஒன்றுவிட்டு ஒன்று படித்தால் ஒரு பக்கம் 5, 10, 15, மறுபக்கம் 40, 35, 30.

அப்புறம் ஒரு பொறி. 3, 5, 9, 17, 33. கழித்தால் 2, 4, 8, 16. இன்னொரு முறை கழித்தால் 2, 4, 8. எத்தனை முறை கழித்தாலும் அதே முகம்தான் திரும்ப வரும், மாறாத எண்ணே வராது. அப்போது கழிப்பதை நிறுத்திவிட வேண்டும். இது 2-இன் அடுக்கு, கூட ஒன்று. அவ்வளவுதான்.

அந்தப் பையனுக்கு 8 என்று சொல்லிக்கொடுங்கள். ஓஎம்ஆர் தாளில் அதைத்தான் கறுப்பாக்கச் சொல்வார்கள்.


சாக்பீஸ் தூசி

டியூஷன் அம்மாவுக்கு: அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தம்பி சொன்ன வரிசை தேர்வுக்கு நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் திண்ணையில் இருக்கிறவர்கள் ஓஎம்ஆர் தாளுக்கு முன்னால் உட்கார இன்னும் வருஷங்கள் இருக்கிறது. அவர்களுக்கு ஏன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

தீக்குச்சிக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். "இ + 3" என்று பிள்ளைகள் எழுதுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. இ = 1 என்று போட்டால் 4 வருகிறது, சரியாகத்தானே இருக்கிறது! அந்த ஒரு இடத்தில் சோதித்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். நீங்கள் தப்பு என்று சொல்லாதீர்கள். பத்தாவது உறுப்பு என்ன என்று மட்டும் கேளுங்கள். விதிப்படி 13 என்பார்கள். அப்புறம் விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள், 31 வரும். முகம் மாறும். அந்த நேரத்தில் போர்டில் மூன்று வரி போடுங்கள்:

இடம்: 1, 2, 3, 4
மூன்றாம் வாய்ப்பாடு: 3, 6, 9, 12
நம்முடைய எண்கள்: 4, 7, 10, 13

மூன்று மூன்றாகக் கூடுகிறது என்றால் அது மூன்றாம் வாய்ப்பாட்டுக்குச் சொந்தக்காரன். எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒன்று தள்ளி. ஆக 3இ + 1. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்குமேல் சூத்திரம் வேண்டாம். 5, 1, -3, -7 என்று இறங்கினாலும் இதே வேலைதான், மைனஸ் நான்காம் வாய்ப்பாட்டிலிருந்து 9 தள்ளி: 9 - 4இ.

இப்போது 1, 7, 19, 37. அம்மா, இந்த எண்களை நீங்கள் வாசலில் எத்தனையோ தடவை போட்டிருப்பீர்கள். மார்கழி வந்தால் பத்திரிகையில் "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று கோலம் வருமே, அந்தக் குடும்பம்தான் இது. சின்னதிலிருந்து பாருங்கள். 3 புள்ளி, 2 வரை: வரிசைகள் 2, 3, 2. மொத்தம் 7. அடுத்தது 5 புள்ளி, 3 வரை: 3, 4, 5, 4, 3. மொத்தம் 19. 7 புள்ளி, 4 வரை: 4, 5, 6, 7, 6, 5, 4. கூட்டினால் 37.

வரிசை வரிசையாக எண்ணினால் விதி கண்ணில் படாது. நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக எண்ணுங்கள். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி 6. அதற்கு வெளிச் சுற்றில் 12. அதற்கும் வெளியே 18. ஒவ்வொரு சுற்றும் அறுகோணம், அதற்கு ஆறு பக்கம். வெளியே போகப் போகப் பக்கத்துக்கு ஒரு புள்ளி கூடும். ஆறு பக்கத்துக்கும் சேர்த்து ஆறு கூடும். உங்கள் முதல் வித்தியாசம் 6, 12, 18, 24 என்பது சுற்றில் உள்ள புள்ளிகள். இரண்டாம் வித்தியாசம் 6 என்பது அந்த ஆறு பக்கம்.

சரி, பாதிக்கு வருகிறேன். இ-ஆவது கோலத்தில் நடுப்புள்ளி ஒன்று, சுற்றுகள் இ - 1. ஆகவே மொத்தப் புள்ளிகள்:

1 + 6 + 12 + 18 + … + 6(இ - 1)

ஆறை வெளியே எடுத்தால்:

1 + 6 × [1 + 2 + 3 + … + (இ - 1)]

அடைப்புக்குள் இருப்பது யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டுவது, அதே பாடத்தில் பின்னால் சிறப்புத் தொடர்களில் வருகிறது. மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போகாமல் திண்ணையில் கோலப்பொடியால் போட்டுக் காட்டுங்கள். 1, 2, 3, 4 என்று படிக்கட்டு மாதிரி புள்ளி வையுங்கள். அதே படிக்கட்டை இன்னொன்று, வேறு நிறப் பொடியில், தலைகீழாக அதன்மேல் பொருத்துங்கள். இரண்டும் சேர்ந்து 4 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி என்று செவ்வகமாகிவிடும். செவ்வகத்தில் 20. ஒரு படிக்கட்டில் 10. உங்கள் பாதி இங்கேதான் பிறக்கிறது.

அடைப்புக்குள் இருக்கும் (இ - 1) படிகளுக்குச் செவ்வகம் (இ - 1) × இ. அதில் பாதி ஒரு படிக்கட்டு. அதை ஆறால் பெருக்க வேண்டும். ஆறின் பாதி மூன்று. ஆக:

1 + 3 × இ × (இ - 1), விரித்தால் 3இ² - 3இ + 1

வித்தியாசமே ஒரு கூட்டுத் தொடர்வரிசையாக இருந்தால் அதைக் கூட்டும்போது இந்தப் படிக்கட்டு வந்தே தீரும், படிக்கட்டோடு பாதியும் வரும். கோலத்துக்கு மட்டும் இல்லை, எந்தத் தொடருக்கும் இதே கதைதான்.

பரிசோதிக்க ஆசையாக இருந்தால் 15 புள்ளி, 8 வரை. "வரை" என்று போட்டிருக்கிற எண்தான் நம்முடைய இ. 3 × 8 × 7 + 1 = 169. உட்கார்ந்து எண்ணிக்கொள்ளலாம்.

படம் பிடிக்காத பிள்ளைகளுக்கு இன்னொரு வழி. இ² என்பதை மட்டும் எழுதுங்கள்: 1, 4, 9, 16. வித்தியாசம் 3, 5, 7. இரண்டாம் வித்தியாசம் 2. ஒரு இ² இருந்தாலே இரண்டாம் வித்தியாசத்தில் 2 வந்துவிடுகிறது. அங்கே 6 நின்றால் உள்ளே மூன்று இ² இருந்திருக்க வேண்டும். 3இ² என்று கண்டுபிடித்ததும் அதைக் கழித்துவிடுங்கள். 1 - 3 = -2, 7 - 12 = -5, 19 - 27 = -8, 37 - 48 = -11. மிச்சம் சாதாரணக் கூட்டுத் தொடர்வரிசை, மைனஸ் மூன்றாம் வாய்ப்பாடு, ஒன்று தள்ளி: -3இ + 1. தேர்வில் இந்த வழி வேகம்.

4, 7, 12, 19, 28 கொடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு எண்ணும் தீக்குச்சி மாதிரியே இருக்கும், அதனால் அவசரக்காரர்கள் மாட்டுவார்கள்.

கொசுறாக ஒன்று. 1, 7, 19, 37 என்பதைக் கூட்டிக்கொண்டே போங்கள். 1, 8, 27, 64. ஏன் இப்படிக் கன எண்ணாக வருகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை யோசிக்க விடுங்கள். இ³ - (இ - 1)³ என்பதை விரித்துப் பார்த்தால் கையும் களவுமாகப் பிடிபடும்.


அரைப்புள்ளி

டீச்சர் சொன்னதற்கு மேல் பாதியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் அந்த 7 சொன்ன பையன் பக்கம் பேச வந்தேன். நிரல் எழுதிப் பிழைப்பவன், இந்த "அடுத்த எண் என்ன" கேள்வியே எனக்கு ஆகாது.

2, 4, 6 அடுத்து என்ன? 8 என்பீர்கள். நான் 50 என்பேன், விதியும் தருவேன்:

2இ + 7(இ - 1)(இ - 2)(இ - 3)

இ = 1, 2, 3 மூன்றிலும் பின்பகுதி பூஜ்யமாகிவிடும், அதனால் 2, 4, 6 அப்படியே நிற்கும். இ = 4 என்றால் 8 + 7 × 3 × 2 × 1 = 50. அந்த 7-ஐ மாற்றினால் நாலாவது இடத்தில் நீங்கள் கேட்கிற எந்த எண்ணையும் கொண்டுவரலாம், பின்னமாகப் போட வேண்டி வந்தாலும் வரும். மூன்று எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு நாலாவதைக் கேட்பது, கேட்கிறவர் மனதில் இருப்பதைச் சொல்லச் சொல்வதுதான்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் "ஒரு கூட்டுத் தொடர்வரிசையின் முதல் உறுப்பு இது, பொது வித்தியாசம் இது" என்று பெயர் சொல்லிக் கேட்கும்போது இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே விடை ஒன்றே ஒன்று. பெயர் சொல்லாத இடத்தில் பையன் விதியைச் சொல்லி, அந்த விதி கொடுத்த எண்களுக்கெல்லாம் பொருந்தினால் டிக் போட வேண்டும். விதி சொல்லாமல் 7 என்று மட்டும் சொன்னால் அது குருட்டாம்போக்கு.

இதற்கென்றே இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது, ஓஇஐஎஸ் என்று தேடினால் கிடைக்கும். நீல் ஸ்லோன் 1964-ல் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது எண் தொடர்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1973-ல் 2,372 தொடர்களோடு புத்தகமாக வந்தது, 1996-ல் இணையத்துக்கு ஏறியது. அதில் 1, 2, 4 என்று மூன்று எண்ணைத் தட்டினால் கொட்டுகிற பட்டியலைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள் 8 மட்டும்தான் விடை என்று. டீச்சருடைய இடைப்புள்ளிக் கோலமும் அங்கே இருக்கிறது, ஏ003215 என்ற எண்ணில். அந்தப் பையனுடைய 1, 2, 4, 7, 11-உம் இருக்கிறது, ஏ000124.


குரூப் நாலு குமுறல்

50-ஆ? அண்ணே, நாலு விடையில் 50 என்று ஒன்று இருந்தால் பேசலாம்.


பனையோலை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கட புத்தகங்களில் எண் கோலம் என்று கீழ் வகுப்புகளிலேயே தொடங்கிவிடும், பிறகு கூட்டல் விருத்தி, பெருக்கல் விருத்தி என்று சாதாரண தரம் (இங்கே பதினோராம் வகுப்பில் எழுதும் பொதுப் பரீட்சை) வரை வரும். பாதி பற்றி டீச்சர் எழுதியதை நாளைக்கே வகுப்பில் செய்து பார்க்கப்போகிறேன்.

1, 2, 4-க்கு அடுத்தது 7 என்ற தம்பிக்கு ஒரு சாட்சி தருகிறேன். ஒரு பெரிய வட்டத் தோசையை நேர்கோடாக வெட்டுங்கள். வெட்டாமல் 1 துண்டு. ஒரு வெட்டு, 2. இரண்டு வெட்டு, 4. மூன்றாவது வெட்டை முன்னைய இரண்டையும் வெவ்வேறு இடத்தில் கடக்கிற மாதிரிப் போட்டால் 7 துண்டு. எவ்வளவு கெட்டித்தனமாக வெட்டினாலும் 8 வராது. மூன்றாவது கோடு பழைய இரண்டு கோடுகளை இரண்டு இடத்தில்தான் கடக்கும், அதனால் மூன்று பழைய துண்டுகளைத்தான் இரண்டாகப் பிளக்கும். கூடுவது மூன்று. அடுத்த வெட்டுக்கு நான்கு கூடி 11. தம்பி சொன்ன அதே விதி.

8 என்று சொன்ன பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், அது இன்னும் பொல்லாதது. வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோட்டால் இணையுங்கள். உள்ளே எத்தனை பகுதி? ஒரு புள்ளி என்றால் 1. பிறகு 2, 4, 8. ஐந்து புள்ளிக்கு 16. பிள்ளைகள் எல்லாம் இரட்டிப்பு என்று எழுதி மூடிவிடுவார்கள். ஆறு புள்ளிக்கு வரையச் சொல்லுவேன். 31 வரும். 32 எங்கே சேர் என்று திரும்பத் திரும்ப எண்ணுவார்கள். சமமான இடைவெளியில் அழகாகப் புள்ளி வைத்த கெட்டிக்காரர்களுக்கு 30தான் வரும், ஏனென்றால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் சந்தித்து ஒரு சின்ன முக்கோணத்தை விழுங்கிவிடும். கொஞ்சம் கோணலாக வைத்தால்தான் 31.

இதற்கு வித்தியாச அட்டவணை போட்டுப் பாருங்கள், டீச்சருக்குப் பிடிக்கும்:

1, 2, 4, 8, 16, 31, 57
1, 2, 4, 8, 15, 26
1, 2, 4, 7, 11
1, 2, 3, 4
1, 1, 1

மூன்றாவது வரியைக் கவனித்தீர்களா? தோசை அங்கே இருக்கிறது. மேலே எல்லாரும் சொன்ன இரட்டிப்புக்குள் தம்பியின் 7 ஒளிந்திருக்கிறது. நாலாம் வித்தியாசம் மாறாமல் வருவதால் விதியில் இ-இன் நாலாம் அடுக்கு வரைக்கும் போகும். சாதாரண தரத்துக்கு அது தேவையில்லை, நானும் படிப்பிப்பதில்லை. ஆனால் குரூப் நாலு தம்பி சொன்ன அந்தப் பொறியும் இதுவும் முதல் ஐந்து எண்ணில் ஒரே மாதிரித்தான் இருக்கும். அட்டவணையைக் கீழ்வரை இறக்கிப் பார்த்தால்தான் எது முடிகிறது, எது முடியாமல் ஓடுகிறது என்று தெரியும்.

முடியாமல் ஓடுவதில் இன்னொரு வகை 1, 1, 2, 3, 5, 8, 13. கழித்தால் 0, 1, 1, 2, 3, 5, அதே எண்கள் பின்னால் தள்ளி வரும். ஃபிபனாச்சி என்று சொல்லுகிறோம், அவர் புத்தகம் எழுதியது 1202-ல். அதற்கு முன்பே செய்யுளில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று வைத்து எத்தனை விதமாக அடி அமையலாம் என்று கணக்கிட்ட விரகாங்கரும் ஹேமச்சந்திரரும் இந்த விதியைச் சொல்லிவிட்டார்கள். இதில் முன் இரண்டு உறுப்புகளைக் கூட்டு என்கிற விதிதான் பிள்ளைகளுக்கு இலகு. இடத்தைக் கொடுத்தால் உறுப்பைத் தருகிற விதி வர்க்கமூலம் ஐந்தையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். பிள்ளைகள் "முந்தியதோடு 3 கூட்டு" என்று சொன்னால் அதுவும் ஒரு விதிதான், பிழை என்று வெட்ட வேண்டாம். நூறாவது உறுப்பைக் கேட்டால் அவர்களே இட விதியைத் தேடி வருவார்கள்.


திண்ணை டியூஷன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. டீச்சர் சொன்னபடி கோலப்பொடியோடுதான் நேற்று உட்கார்ந்தோம். படிக்கட்டைத் தலைகீழாக வைப்பதற்குள் ஒருத்தி "மிஸ், பாதி வந்துடுச்சு" என்று கத்திவிட்டாள். பயிற்சித் தாளைக் காட்டியபோது ஒருவர் முகத்திலும் தெரியாத வெளிச்சம் அது. வாண்டுக்கு டிக் போட்டாகிவிட்டது, 8 சொன்னவர்களுக்கும் போட்டேன், இரண்டு தரப்பும் என்னை முறைத்தது.

இப்போது புதுத் தலைவலி. அதே பெண் கேட்கிறாள்: சரியாக 1000 புள்ளியில் இப்படி ஒரு கோலம் வருமா? அவள் அம்மா நேர்ப்புள்ளிக் கோலம் போடுகிறவராம், 7 புள்ளி, 1 வரை மாதிரி. அதில் வருமா என்றும் கேட்கிறாள். நான் 3இ² - 3இ + 1 = 1000 என்று எழுதி இருபடிச் சமன்பாடாகத் தீர்க்கப் போனேன், வர்க்கமூலம் முழுசாக வரவில்லை. அப்படியானால் இல்லை என்றுதானே அர்த்தம்? இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வழி இருக்கிறதா?


சாக்பீஸ் தூசி

இல்லை என்றுதான் அர்த்தம், சமன்பாடு வழியும் சரிதான். இ முழு எண்ணாக வரவில்லை என்றால் அந்த எண் தொடரில் இல்லை. "500 இந்தத் தொடர்வரிசையின் உறுப்பா" என்று கூட்டுத் தொடர்வரிசையில் கேட்கும் கேள்விக்கும் இதே தீர்ப்புத்தான்.

ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சமன்பாடே வேண்டாம். விதியை விரிக்காமல் 3 × இ × (இ - 1) + 1 என்றே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இ, இ - 1 இரண்டும் பக்கத்து எண்கள், அதில் ஒன்று இரட்டைப்படை. பெருக்கினால் இரட்டைப்படைதான் வரும். அதோடு ஒன்று சேர்ந்தால் எப்போதும் ஒற்றைப்படை. 1000 இரட்டைப்படை. முடிந்தது கதை. 1, 7, 19, 37, 61 எல்லாமே ஒற்றைப்படையாக இருப்பதை அவளே பார்த்துச் சொல்லியிருப்பாள், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால்.

உடனே 999 என்று கேட்பாள், தயாராக இருங்கள். ஒன்றைக் கழித்தால் 998, அது மூன்றால் வகுபடாது. அதுவும் இல்லை.

நேர்ப்புள்ளிக்கு அவளையே அட்டவணை போடச் சொல்லுங்கள். 3 புள்ளி, 1 வரை என்றால் 1, 3, 1, மொத்தம் 5. அடுத்து 1, 3, 5, 3, 1 என்று 13. அவள் அம்மாவின் 7 புள்ளி, 1 வரை 25. ஆக 1, 5, 13, 25, 41. வித்தியாசம் 4, 8, 12, 16. இரண்டாம் வித்தியாசம் 4, இங்கே சுற்று நாற்கோணம், நாலு பக்கம். பாதி 2. விதி 2 × இ × (இ - 1) + 1. இதுவும் ஒற்றைப்படையைத் தாண்டாது, அதனால் இங்கும் 1000 கிடையாது.

ஆயிரத்துக்குப் பக்கத்தில் வேண்டுமானால், இடைப்புள்ளியில் இ = 18 போட்டால் 919, இ = 19 போட்டால் 1027. நேர்ப்புள்ளியில் இ = 22-க்கு 925, இ = 23-க்கு 1013. 1027 என்பது 37 புள்ளி, 19 வரை. பொங்கலுக்குப் போடுகிற யோசனை இருந்தால் முதலில் வாசலை அளக்கச் சொல்லுங்கள். புள்ளிக்குப் புள்ளி மூன்று அங்குலம் விட்டால் நடுவரிசை மட்டும் ஒன்பது அடி. 37-ஐ மூன்றால் பெருக்கி 111 அங்குலம் என்று யாராவது சொல்வார்கள், 37 புள்ளிக்கு நடுவே இடைவெளி 36தான் என்று சொல்லிவிடுங்கள்.